பூட்டிய அறையின் குரல்

நுழையும்முன்

ஊரைவிட்டு விலகி, புல்வெளிகளுக்கு நடுவே தனித்து நிற்கிறது ஒரு பழைய மாளிகை. அதன் மேல்தளத்தில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது. அங்குப் பணியாற்ற வருகிறாள் ஓர் இளம்பெண். மாளிகைக்குரியவர்மீது அவளுக்கு அன்பு அரும்புகிறது. ஆனால், நள்ளிரவில் மேல்தளத்திலிருந்து ஒரு சிரிப்பொலி கேட்கிறது. பழமை, மர்மம், அச்சம், காதல் ஆகிய நான்கும் கலந்த இவ்வகைக் கதைகளை ஆங்கில இலக்கியம் ‘கோதிக் புதினம்’ என்று அழைக்கிறது. படிப்போரைத் திகிலடையச் செய்யும் இக்கதைகளில் அச்சத்தின் ஊற்று எங்கே இருக்கிறது? பேயிடமா, மனிதரிடமா? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பெயரும் பிறப்பும்

‘கோத்’ என்பது பண்டைய ஐரோப்பாவில் வாழ்ந்த ஓர் இனக்குழுவின் பெயர். உரோமப் பேரரசின் வீழ்ச்சியில் இவ்வினத்தாருக்குப் பங்குண்டு. பிற்காலத்தில் இத்தாலிய மறுமலர்ச்சி அறிஞர்கள், இடைக்காலக் கட்டடக்கலையை நாகரிகமற்றது என்று இகழ்வதற்குக் ‘கோதிக்’ என்னும் சொல்லை ஆண்டனர். கூர்நுனி வளைவுகள், வானளாவிய கோபுரங்கள், இருண்ட நடைவழிகள் ஆகியவை அக்கட்டடங்களின் அடையாளங்கள். இகழ்ச்சியாகப் பிறந்த சொல், காலப்போக்கில் ஒரு கலைப்பாணியின் பெயராக நிலைத்தது. அப்பெயர் இலக்கியத்துக்குள் நுழையக் காரணமானவர் ஹோரஸ் வால்போல்.

வால்போல், இலண்டனுக்கு அருகில் தேம்சு ஆற்றங்கரையிலுள்ள டுவிக்கன்ஹாமில் தமக்கென ஒரு மாளிகையை அமைத்துக்கொண்டார். ‘ஸ்ட்ராபெரி ஹில்’ எனப்படும் அம்மாளிகை இடைக்காலப் பாணியில் உருவானது. அங்கு உறங்கிய ஓர் இரவில், பழைய கோட்டை ஒன்றின் படிக்கட்டுக் கைப்பிடியின்மேல் கவசம் அணிந்த மாபெரும் கை ஒன்று இருப்பதாக அவர் கனவு கண்டார். அக்கனவிலிருந்து ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்னும் புதினம் பிறந்தது. 1764இல் வெளிவந்தபோது, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்றே அது அறிமுகப்படுத்தப்பட்டது. வரவேற்புப் பெருகியதும், 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் தாமே ஆசிரியர் என்று வால்போல் ஒப்புக்கொண்டார். ‘ஒரு கோதிக் கதை’ என்னும் துணைத்தலைப்பும் அப்போது சேர்ந்தது.

கதை, திருமண நாளில் தொடங்குகிறது. வானிலிருந்து விழுந்த மாபெரும் தலைக்கவசம் ஒன்று மணமகனை நசுக்கிக் கொல்கிறது. நிகழ்ச்சி வியப்புக்குரியது, ஆனால், அதன் அடியில் இருப்பது எளிய உண்மை. அக்கோட்டையை ஆளும் மான்ஃப்ரெட் அதற்கு உரியவன் அல்லன். அவனுடைய பாட்டன் உரிமையாளரை நஞ்சிட்டுக் கொன்று கோட்டையைக் கவர்ந்தவன். மறைக்கப்பட்ட அநீதியே பேயுருவம் கொண்டு எழுகிறது. பின்வந்த கோதிக் புதினங்கள் பலவற்றுக்கும் இதுவே அடித்தளமாயிற்று.

திரைக்குப் பின்னால் என்ன?

வால்போல் தொடங்கிய பாதையைச் செம்மை செய்தவர் ஆன் ராட்கிளிஃப். 1794இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த ‘உடால்ஃபோ மர்மங்கள்’ அவருடைய புகழ்பெற்ற புதினம். அதற்குப் பதிப்பாளர் 500 பவுண்டு அளித்தார். அக்காலத்தில் அது ஒரு பெருந்தொகை.

1584இல் நிகழ்வதாக அமைந்த இக்கதையின் தலைவி எமிலி. பெற்றோரை இழந்த அவள் அத்தையின் பொறுப்பில் வளர்கிறாள். அத்தையை மணக்கும் மாண்டோனி, இருவரையும் இத்தாலிய மலைகளுக்கு நடுவிலுள்ள உடால்ஃபோ கோட்டைக்குக் கொண்டுசெல்கிறான். அங்கு ஒரு கருந்திரை தொங்குகிறது. அதை விலக்கிப் பார்த்த எமிலி மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பதை ஆசிரியர் பல நூறு பக்கங்களுக்குச் சொல்வதில்லை. இறுதியில்தான், அது பிணம்போல் செய்யப்பட்ட மெழுகுருவம் என்று தெரியவருகிறது. இவ்வாறு மர்மங்கள் ஒவ்வொன்றுக்கும் இயற்கையான காரணத்தைப் பின்னர் விளக்குவது ராட்கிளிஃபின் உத்தி.

மெழுகுருவம் பொய். ஆனால், கோட்டையில் மெய்யான கொடுமை ஒன்றும் நிகழ்கிறது. சொத்துகளைத் தன்பெயருக்கு எழுதித்தரும்படி மாண்டோனி தன் மனைவியை வற்புறுத்துகிறான். அவள் மறுக்கவே, அவளைச் சிறைவைக்கிறான். அதனால் நோயுற்று அவள் இறக்கிறாள். அடுத்து, அதே கையெழுத்தை எமிலியிடம் கேட்கிறான். திரைக்குப் பின்னாலிருந்த உருவத்தைவிட, மேசைமேல் விரித்து வைக்கப்பட்ட பத்திரமே அஞ்சத்தக்கது என்பதைப் படிப்போர் உணர்கின்றனர்.

இவ்வகைக் கதைகளை அன்போடு கேலி செய்தவர் ஜேன் ஆஸ்டின். அவர் மறைந்த பின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தேங்கர் அபே’ புதினத்தின் தலைவி கேத்தரின், பதினேழு வயதுப் பெண். மர்மக் கதைகளைப் படித்துப் படித்து, தான் விருந்தினராகத் தங்கிய மாளிகையின் தலைவர் தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று கற்பனை செய்துகொள்கிறாள். பழைய பேழையில் கண்டெடுத்த சுருளை ஆவலோடு விரித்தால், அது சலவைக் கணக்கு! அவளுடைய ஐயம் பொய்த்துப்போகிறது. ஆனால், அவள் செல்வந்தர் வீட்டுப் பெண் அல்லள் என்று அறிந்ததும், அதே தலைவர் அவளை விடிந்தும் விடியாததுமாகத் துணையின்றி வெளியேற்றுகிறார். அவர் கொலைகாரர் அல்லர், ஆனால் கொடியவர். நகைச்சுவையாகத் தொடங்கிய கதையும் பணத்தின் கொடுமையையே சுட்டி நிற்கிறது.

வீடே கதைமாந்தராக

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மாந்தரின் உணர்வை அவற்றின் வழியாக உணர்த்துவது தமிழ் அகமரபு. முல்லையின் மாலையும் பாலையின் நண்பகலும் வெறும் பின்னணிகள் அல்ல என்பதை நாம் அறிவோம். கோதிக் புதினங்களிலும் இடத்துக்கு இத்தகைய முதன்மை உண்டு. மூடுபனி படர்ந்த புல்வெளி, காற்று ஊளையிடும் புகைபோக்கி, மெழுகுவத்தியின் ஒளி எட்டாத மூலை ஆகியவை மாந்தரின் மனநிலையோடு இயைந்து நிற்கின்றன.

தொடக்ககாலப் புதினங்கள் இத்தாலியக் கோட்டைகளில் நிகழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளுக்கு இடம்பெயர்ந்தன. இம்மாற்றம் குறிப்பிடத்தக்கது. அயல்நாட்டிலும் பழங்காலத்திலும் நிகழ்வதாகச் சொல்லப்பட்ட கொடுமை, இப்போது படிப்போரின் சொந்த நாட்டுக்கே வந்துவிட்டது. நாட்டுப்புற மாளிகை என்பது ஒரு குடும்பத்தின் உறைவிடம் மட்டுமன்று; நிலவுடைமை, பரம்பரை, மதிப்பு ஆகியவற்றின் சின்னம். அங்குப் பணியாளர் பலர் இருப்பர். அவர்கள் நடமாடத் தனிப் படிக்கட்டுகள் இருக்கும். அத்தகைய வீட்டில் ஒரு மறையைக் காப்பது எளிது. வெளியே எடுத்துச் சொல்வதுதான் அரிது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சாளர வரி நடைமுறையில் இருந்தது. வீட்டிலுள்ள சாளரங்களின் எண்ணிக்கைக்கேற்ப வரி கூடும். வரிச்சுமையைக் குறைப்பதற்காகப் பலர் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். அடைபட்ட அச்சாளரங்களின் தடங்களைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம்.

தார்ன்ஃபீல்டின் மூன்றாம் தளம்

தனித்த மாளிகையை உலக இலக்கியத்தில் நிலைநிறுத்திய புதினம் ‘ஜேன் அயர்’. 1847 அக்டோபரில் வெளிவந்த இதன் அட்டையில் ‘கரர் பெல்’ என்னும் பெயர் இருந்தது. அது சார்லட் பிரான்டேயின் புனைபெயர். பெண் எழுதியது என்று தெரிந்தால் நூலை நடுநிலையோடு மதிப்பிடமாட்டார்கள் என்று எண்ணி, அவரும் அவருடைய தங்கையர் இருவரும் இத்தகைய பெயர்களில் மறைந்து நின்று எழுதினர்.

பெற்றோரை இழந்த ஜேன், பதினெட்டு வயதில் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு வருகிறாள். அடேல் என்னும் சிறுமிக்கு வீட்டோடு தங்கிக் கற்பிக்கும் ஆசிரியைப் பணி. ஆண்டுக்கு முப்பது பவுண்டு ஊதியம். மாளிகையின் மூன்றாம் தளத்தில் ஒரு விநோதச் சிரிப்பு கேட்கிறது. கிரேஸ் பூல் என்னும் பணிப்பெண்ணின் சிரிப்பு அது என்று அவளிடம் கூறப்படுகிறது. மாளிகைத் தலைவர் ராச்செஸ்டரோடு உரையாட உரையாட, ஜேன் அவரை நேசிக்கத் தொடங்குகிறாள். இதற்கிடையில் ஓரிரவு அவருடைய படுக்கை தீப்பற்றுகிறது; விருந்தினர் ஒருவர் குத்தியும் கடித்தும் காயப்படுத்தப்படுகிறார்; ஜேனின் மணப்பெண் முக்காடு கிழித்தெறியப்படுகிறது.

திருமணச் சடங்கின் நடுவே உண்மை வெளியாகிறது. ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டது. அவர் மனைவி பெர்த்தா மேசன், மூன்றாம் தளத்தில் திரைச்சீலைக்குப் பின்னுள்ள கதவுக்கு அப்பால் பத்தாண்டுகளாக அடைக்கப்பட்டிருக்கிறாள். மனநலம் குன்றிய அவளைக் காவல் காப்பவளே கிரேஸ் பூல். ஜமைக்காத் தீவில் பெருநிலக்கிழாராகவும் வணிகராகவும் விளங்கிய ஒருவரின் மகள் பெர்த்தா. 30,000 பவுண்டு சீதனத்துக்காக, ராச்செஸ்டரின் தந்தையும் தமையனும் இத்திருமணத்தை முடித்துவைத்தனர்.

மணம் முடிக்க இயலாவிட்டாலும் தம்முடன் வாழுமாறு ராச்செஸ்டர் ஜேனை வேண்டுகிறார். அவரை உளமார நேசித்தபோதும் ஜேன் மறுக்கிறாள். விடியுமுன், கையில் இருபது சில்லிங்கோடு மாளிகையை விட்டு வெளியேறுகிறாள். உணவுக்காகக் கையேந்தும் நிலைக்கும் ஆளாகிறாள். ஆதரவற்றவளுக்கு மானம் எதற்கு என்று உலகம் கேட்கலாம். ஆதரவற்றவளாதலால்தான் தன்மதிப்பைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் முடிவு. மறைப்பின்மேல் எழுப்பப்பட்ட அன்பு நிலைக்காது என்பதை இப்பகுதி உணர்த்துகிறது.

பின்னர், ஒரு குடும்பம் அவளுக்கு அடைக்கலம் தருகிறது. அவர்கள் தன் உறவினரே என்பதை அறிந்ததும், சிற்றப்பா வழியாக வந்த 20,000 பவுண்டு செல்வத்தை நால்வருக்கும் சமமாகப் பகிர்கிறாள். ஒருநாள் தார்ன்ஃபீல்டுக்குத் திரும்புகிறாள். மாளிகை எரிந்து பாழாகிக் கிடக்கிறது. பெர்த்தா மூட்டிய தீயில் அவளும் மாண்டாள். அவளைக் காக்க முயன்ற ராச்செஸ்டர் ஒரு கையையும் பார்வையையும் இழந்தார் என்று அறிகிறாள். இம்முறை மறைப்பதற்கு ஏதும் இல்லை. பொருளாலும் மனத்தாலும் தற்சார்புடைய பெண்ணாக ஜேன் அவரை மணக்கிறாள்.

இரண்டு பூட்டிய அறைகள்

இப்புதினத்தில் பூட்டிய அறைகள் இரண்டு. முதல் அறை கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. பத்து வயதுச் சிறுமி ஜேன், தன்னை அடித்த அத்தை மகனை எதிர்த்ததற்காகச் ‘செவ்வறை’ என்னும் அறையில் அடைக்கப்படுகிறாள். அவளுடைய மாமா உயிர்நீத்த அறை அது. இருளில் அஞ்சி அலறுகிறாள். வெளியே விடும்படி மன்றாடுகிறாள். அத்தையோ அவளை நடிப்புக்காரி என்று சொல்லி மீண்டும் பூட்டுகிறாள். சிறுமி மயங்கி விழுகிறாள்.

இரண்டாவது அறை பெர்த்தாவுடையது. ஒருவர் கதவுக்கு உள்ளிருந்து அலறும்போது, வெளியே இருப்பவர் அதை நடிப்பு என்றோ வெறி என்றோ பெயரிட்டுவிடலாம். சிறுமி ஜேனின் அலறலுக்குப் பொருள் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஏனெனில், அவளே தன் கதையைச் சொல்கிறாள். பெர்த்தாவின் அலறலுக்குப் பொருள் இருந்ததா? புதினம் முழுவதிலும் அவள் தன் கதையைக் கூற இடம் பெறவில்லை. அவளைப் பற்றி ராச்செஸ்டர் சொல்வதையே நாம் கேட்கிறோம். ஆயினும், அவளை வெறுப்பது கொடுமை, மனநோய் அவள் குற்றம் ஆகாது என்று ஜேன் ராச்செஸ்டரிடமே இடித்துரைக்கிறாள். பூட்டிய அறையின் துயரை அறிந்தவள் அல்லவா அவள்!

சட்டம் பூட்டிய கதவுகள்

இக்கதை வெறும் கற்பனை அன்று. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணுக்குக் கணவனிலிருந்து வேறான சட்ட ஆளுமை இல்லை. அவள் கொண்டுவரும் பணமும் ஈட்டும் ஊதியமும் கணவனுக்கே உரியவை. 1870, 1882ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்களே இந்நிலையை மாற்றின. 1857க்கு முன்பு, மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு முழுமையான மணமுறிவு பெற நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. தீராத மனநோய் மணமுறிவுக்கான காரணமாக ஏற்கப்பட்டது 1937இல்தான். எனவே, ராச்செஸ்டரும் அச்சட்டத்துக்குள் சிக்கியவரே. ஆனால், சாவி அவர் கையில் இருந்தது. பெர்த்தாவின் கையில் இல்லை.

அந்த 30,000 பவுண்டுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. ஜமைக்காவின் பெருந்தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்துவரப்பட்ட மக்களும் அவர்தம் வழியினரும் அடிமைகளாக உழைத்தனர். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அப்போது இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண்டு அடிமைகளின் உடைமையாளர்களுக்கே சென்றது; உழைத்தவர்களுக்கு ஏதும் கிட்டவில்லை. ஆங்கில மாளிகையின் அழகிய சுவர்களுக்குப் பின்னால் கடல்கடந்த துயரமும் அடைபட்டிருக்கலாம் என்பதை இப்புதினம் உணர வைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ‘நார்ட்டன் கானியர்ஸ்’ என்னும் பழைய மாளிகை உள்ளது. அதன் மேல்மாடத்தில் மனநலம் குன்றிய பெண் ஒருத்தி அடைக்கப்பட்டிருந்தாள் என்பது அங்கு வழங்கிவந்த செவிவழிச் செய்தி. சார்லட் பிரான்டே 1839இல் அங்குச் சென்றதாகக் கருதப்படுகிறது. 2004இல் அம்மாளிகையில், மேல்மாடத்துக்குச் செல்லும் அடைக்கப்பட்ட படிக்கட்டு ஒன்று கண்டறியப்பட்டது.

மறுகரையிலிருந்து ஒரு குரல்

பெர்த்தாவின் மௌனத்தைக் கலைக்க ஏறத்தாழ 120 ஆண்டுகள் ஆயின. கரீபியத் தீவாகிய டொமினிக்காவில் 1890இல் பிறந்தவர் ஜீன் ரீஸ். தம் மண்ணைச் சேர்ந்த ஒரு பெண், குரலற்ற உருவமாக மட்டும் காட்டப்பட்டதை அவரால் ஏற்க இயலவில்லை. 1966இல் அவர் வெளியிட்ட ‘பரந்த சர்காசோ கடல்’ என்னும் புதினம், பெர்த்தாவின் இளமைக்கதையை அவள் வாயாலேயே கூறச் செய்கிறது. அதில் அவளுடைய இயற்பெயர் ஆன்டோனெட். ‘பெர்த்தா’ என்பது கணவன் திணித்த பெயர். பெயரையும் ஊரையும் பொருளையும் இழந்து, குளிர்நாட்டின் இருண்ட அறையில் அடைபட்ட ஒருத்தியின் உள்ளம் எவ்வாறு சிதைகிறது என்பதை ரீஸ் படிப்படியாகக் காட்டுகிறார். ஒரு நூலைப் படித்து எழுந்த கேள்வி, மற்றொரு நூலாக மலர்ந்தது. நுண்ணிய வாசிப்பின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்று.

தமிழில் இதன் சுவடுகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கில மர்மப் புதினங்களைத் தழுவித் தமிழில் எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். 1969இல் வெளிவந்த ‘சாந்தி நிலையம்’ திரைப்படம் ஜேன் அயர் கதையைத் தழுவியது. இதன் வண்ண ஒளிப்பதிவுக்காக மார்க்கஸ் பார்ட்லே தேசிய விருது பெற்றார். யார்க்‌ஷயரின் மூடுபனியில் பிறந்த கதை, தமிழ்த்திரைக்கும் வந்து சேர்ந்தது.

நிறைவாக

வால்போலின் கோட்டையில் கவரப்பட்ட உரிமை. ராட்கிளிஃபின் கோட்டையில் வற்புறுத்திக் கேட்கப்பட்ட கையெழுத்து. ஆஸ்டினின் மாளிகையில் பணத்தால் அளக்கப்பட்ட மதிப்பு. பிரான்டேயின் மாளிகையில் அடைக்கப்பட்ட மனைவி. இக்கதைகள் நம்மை நடுங்கச் செய்வது இருளால் மட்டும் அன்று. அந்த இருளில் யாரோ ஒருவருக்கு அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்னும் உணர்வாலேயே நடுங்குகிறோம். பேய்க்கதை என்று ஒதுக்கப்பட்ட ஒரு வடிவம், வெளிப்படையாகப் பேச இயலாத காலத்தில் பெண்களின் துயரைப் பேசும் கருவியாயிற்று.

ஒரு கதையைப் படித்து முடித்ததும், இதில் பேசியவர் யார் என்பதோடு பேசாதவர் யார் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். நூல்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று இது. நம் வீட்டிலும் தெருவிலும் யாருடைய அழுகையேனும் நடிப்பு என்று ஒதுக்கப்படும்போதும், யாருடைய நோயேனும் மானக்கேடு என்று மறைக்கப்படும்போதும் எழவேண்டிய கேள்வி. கதவைத் திறப்பதற்கு முதல்படி, உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று உணர்வதே.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த கதை ஒன்றில் பேச வாய்ப்புப் பெறாத ஒரு மாந்தரைத் தேர்ந்தெடுத்து, அவர் தம் கதையைக் கூறுவதுபோல் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘ஜேன் தார்ன்ஃபீல்டை விட்டு வெளியேறியது சரியே’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்திகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றின் பின்னணியில் சமூகச் சிக்கல் ஏதேனும் மறைந்துள்ளதா எனக் கலந்துரையாடுக.